முத்திரை விழாத முகம்

"காசு கொடுத்து வாங்கினதுன்னு இந்த ஆபீஸ்ல ஒரு குண்டூசிகூடக் கிடையாது மேடம்," என்று மார்பை நிமிர்த்தினார் தொண்டு நிறுவனத்தின் செயலாளர்.

பொய் சொல்லவில்லை மனிதர். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் ஏதோ ஒரு வங்கியின் பெயர் பாதி தேய்ந்து தெரிந்தது. பேனா ஸ்டாண்டு ஒரு டயர் கம்பெனியின் உபயம். சுவர்க் கடிகாரம் மருந்துக் கம்பெனியின் உபயம்; அது எப்போதோ நின்றுபோயிருந்தது.

"கடிகாரம் கொடுத்தவங்க பேட்டரி கொடுக்க மறந்துட்டாங்க போலிருக்கு," என்றான் ரேடியோ.

"எழுதிக் கேட்டிருக்கோம்," என்றார் செயலாளர், கொஞ்சமும் சிரிக்காமல்.

ரேடியோவுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. நிறுத்துகிற பொத்தான் இல்லாத வாய் என்பதால் பழகினவர்கள் வைத்த பேர் இது. நாற்பதைத் தாண்டியும் அந்த வாய் அடங்கவில்லை. அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் மேடம் அதற்கு நேர் எதிர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெயிம் விசாரணை பார்த்தவர். கால் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தவர்கள் அதே காலால் மாடிப்படி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, மனுஷ ஜாதிமேலேயே நம்பிக்கை விட்டுப்போய், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவர். பேச்சைச் சொட்டு மருந்து மாதிரி அளந்துதான் விடுவார்.

அன்று காலையில்தான் ஒரு அம்மாள் அவர்கள் ஆபீசுக்கு வந்திருந்தாள். ஏழு வயதில் ரயில் நிலையத்தில் தொலைந்துபோன மூத்த மகனைக் கண்டுபிடித்துத் தரவேண்டும். அதுவும் இந்த மாதத்துக்குள். இத்தனை வருஷம் பொறுத்தவளுக்கு இப்போது என்ன தலைபோகிற அவசரம் என்று ரேடியோவின் நாக்கு நுனிவரை வந்தது. மேடம் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டான். இளைய மகன் மேலே வரவில்லை. வாசலில் காரிலேயே, முகத்தில் மாஸ்க்கும் முழங்கை மடிப்பில் தடித்த கட்டுமாகச் சாய்ந்து கிடந்தான்.

அம்மாளிடம் மகனின் பழைய சட்டை, பள்ளிக்கூடப் பை என்று எதுவும் இல்லை. செல்போனில் ஒரு வெப்சைட்டைத் திறந்து நீட்டினாள், அவ்வளவுதான். காணாமல் போனவர்களைத் தேடித் தரும் ஒரு தொண்டு நிறுவனம். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். தொலைந்தபோது இருந்த படம் ஒன்று. அதற்குப் பக்கத்தில், 'இப்போது இப்படி இருக்கலாம்' என்று கம்ப்யூட்டர் கற்பனை செய்த படம் ஒன்று. மேடம் அந்தப் பையனின் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மற்றவர்களின் பக்கங்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அம்மாளை அனுப்பிவைத்துவிட்டு, "வண்டியை எடு," என்றார்.

அப்படித்தான் இந்த ஓடாத கடிகாரத்தின் கீழே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

"வெப்சைட் யார் செஞ்சது?" என்றார் மேடம்.

செயலாளர் முகத்தில் பல்பு எரிந்தது. "நானேதான்! தொண்டு நிறுவனத்துக்கு இன்டர்நெட்ல எவ்வளவு இலவசம் கொட்டிக் கிடக்குது தெரியுமா? பொறுக்கத் தெரியணும், அவ்வளவுதான். இதோ பாருங்க, 'நன்கொடை தருக' பட்டன், இலவசம். பல மொழியில மாத்திக் காட்டுறது, இலவசம். மாசாமாசம் எல்லாருக்கும் மெயில் அனுப்புறது, இலவசம். இந்த மூலையில குதிக்குது பாருங்க சின்னப் பெட்டி, யார் என்ன கேட்டாலும் தானே பதில் சொல்லும். ராத்திரி பகல் கிடையாது. சம்பளம் கிடையாது."

"சம்பளம் இல்லாம ராத்திரி பகலா பேசுதா? மேடம் காதுல போட்டுடாதீங்க சார், என் பொழப்பு போயிடும்," என்ற ரேடியோ, கையோடு தன் செல்போனில் அந்தப் பெட்டியைத் திறந்து தட்டினான்: 'என் பொண்ணு காணாம போய் ஆறு மாசம் ஆச்சு.'

பெட்டி துள்ளிக் குதித்து பதில் போட்டது: 'அருமை! உங்களோடு பேசுவதில் மகிழ்ச்சி! நன்கொடை தர இங்கே அழுத்தவும்!'

ரேடியோ போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இதே பெட்டியில் எத்தனை பேர் நிஜமாகவே தட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தான்.

செயலாளர் நிறுத்தவில்லை. "இது வந்துபோறவங்களை எண்ணுற கருவி. எந்த முகத்தை எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு படம் போட்டே காட்டும். நல்லா ஓடுற முகத்தை முன்னாடி வச்சிருவேன். இந்தப் பெரியவரைப் பாருங்க, மறதி நோய், வீட்டைவிட்டுப் போனவர். ஒரு ஆள் அழுத்த மாட்டேங்கறான். கடைசிக்குத் தள்ளிட்டேன்."

"தொலைஞ்சவரை மறுபடியும் தொலைச்சுட்டீங்க," என்றான் ரேடியோ.

"எது நல்லா ஓடுது?" என்றார் மேடம்.

"நீங்க கேட்டு வந்திருக்கற பையன்தான். சின்ன வயசுப் படத்துல கன்னத்துல குழி விழும் பாருங்க, அதுக்கே பாதிக் கூட்டம். அந்தப் பக்கத்துக்குக் கீழேதான் நன்கொடை பட்டனைப் பெரிசா வச்சிருக்கேன்."

"வயசைக் கூட்டுற கருவி?"

"அதுவும் இலவசம்தான். சின்ன வயசுப் படத்தைக் கொடுத்து, இப்போ என்ன வயசுன்னு சொன்னா போதும். வரைஞ்சு தள்ளிடும்."

"எங்க முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. இதே பையனை."

செயலாளரின் விரல்கள் விசைப்பலகைக்கு மேலேயே நின்றன. "அது... ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி வரும் மேடம்."

"பரவாயில்லை. வரட்டும்."

வேறு வழியில்லாமல் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. பிறகு ஒரு முகம் எழும்பி வந்தது: புதர் மாதிரி தாடி, வழவழ நெற்றி, சோப்பு விளம்பரத்தில் வருகிறவன் மாதிரி ஒரு ஆள். அவன் முகத்துக்குக் குறுக்கே, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, சாம்பல் நிறத்தில் பட்டையாக ஒரு முத்திரை: 'இலவசப் பதிப்பு'.

"இப்போ உங்க வெப்சைட்ல இருக்கற படத்தைப் பக்கத்துல வைங்க," என்றார் மேடம்.

வைத்தார். இரண்டாவது முகத்தில் தாடி இல்லை. கன்னம் ஒட்டியிருந்தது. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக இருந்தது. குறுக்கே முத்திரையும் இல்லை.

"உங்க வெப்சைட்ல இருக்கற மத்த எல்லார் மூஞ்சியிலும் இந்த முத்திரை குத்தியிருக்கு. இந்த ஒருத்தனை மட்டும் ஏன் விட்டுச்சு?"

"அது... அந்த ஒரு படத்துக்கு மட்டும் பணம் கட்டி வாங்கினோம்."

ரேடியோ சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு செயலாளரைப் பார்த்தான். "சார், பேட்டரிக்கே எழுதிக் கேக்கற ஆளு நீங்க. எங்களுக்கேவா காது குத்தறீங்க?"

"ஏழு வயசுப் படத்துல புருவம் முழுசா இருக்கு," என்றார் மேடம். "பின்னாடி வெட்டு விழும்னு உங்க கருவிக்கு யார் சொன்னது? இது கற்பனை இல்லை. கேமராவுல எடுத்த போட்டோ. ஆளை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்க."

செயலாளர் தண்ணீர் பாட்டிலைத் தேடினார். அதுவும் யாரோ கொடுத்ததுதான், காலியாக இருந்தது.

"எனக்கு ஒரு சந்தேகம் சார்," என்றான் ரேடியோ. "நிஜப் போட்டோவையே அந்தக் கருவிக்குள்ள விட்டு எடுத்திருந்தா முத்திரை விழுந்திருக்குமே. நாங்களும் ஏமாந்திருப்போமே."

"விட்டுப் பார்த்தேன்யா," என்று எரிந்து விழுந்தார் செயலாளர். "ஐம்பது வயசுக் கிழவனாக்கிக் கொடுத்துடுச்சு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. அதற்குமேல் பூசி மெழுக அவரிடம் ஒன்றும் இல்லை, கொட்டிவிட்டார். சில மாதங்களுக்கு முன்னால் அந்தப் பையனே நேரில் வந்து, இதே மேஜைக்கு முன்னால் நின்றானாம். 'நான் காணாம போகலை, படத்தை எடுத்துடுங்க, போற இடமெல்லாம் கேக்கறாங்க' என்றானாம். எடுப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்று சொல்லி, அட்ரஸை எழுதி வாங்கி, இவர் ஒரு போட்டோவும் பிடித்துக்கொண்டாராம்.

"அப்புறம் ஏன் எடுக்கலை?" என்றார் மேடம்.

"எப்படி மேடம் எடுக்கறது? பார்க்க வர்றவங்கள்ல பாதிப்பேர் அவனுக்காகத்தான் வர்றாங்க. அவன் கிடைச்சுட்டான்னு போட்டா, அடுத்த நாளே கூட்டம் காலி. மத்தவங்களை எதை வச்சுத் தேடறது? படம் கொஞ்சம் பழசாயிட்ட மாதிரி இருந்துச்சு. புதுசு போட்டா இன்னும் நல்லா ஓடுமேன்னு..."

"இதுவரைக்கும் உங்க வெப்சைட்ல எத்தனை பேர் கிடைச்சிருக்காங்க?" என்றான் ரேடியோ.

"அவன் ஒருத்தன்தான்."

அடப்பாவி என்று ரேடியோ வாய்விட்டே சொல்லிவிட்டான். கிடைத்த ஒரே ஆளையும் மறைத்து வைத்துக்கொண்டு, தேடுகிறேன் தேடுகிறேன் என்று உண்டியல் குலுக்குகிற ஆளை அவன் இப்போதுதான் பார்க்கிறான். "பெத்தவ ஒருத்தி அங்கே துடிச்சுக்கிட்டிருக்கா. அவகிட்டயாவது சொல்லணும்னு தோணலையாய்யா உனக்கு?"

செயலாளர் நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான குழப்பம்.

"அந்த அம்மாவுக்குத் தெரியுமே! அன்னிக்கே போன் பண்ணிச் சொன்னேனே. உயிரோட இருக்கான், ஆனா தன்னைத் தேட வேணாங்கறான்னு சொன்னேன். அட்ரஸ் கேட்டாங்க. கொடுத்தா பக்கம் மூடிடுமேன்னு நான் கொடுக்கலை. ஆனா பெத்த மனசுன்னா அதுதான் மேடம். எங்கே இருந்தான், என்ன செஞ்சான் எதுவும் கேக்கலை. உடம்பு நல்லா இருக்கா, குடிப்பானா, ரத்தம் என்ன குரூப்புன்னு தெரியுமா, இது மட்டும்தான் கேட்டாங்க. பாவம், அவன் உடம்பு மேலதான் எவ்வளவு அக்கறை!"

மேடம் எழுந்தார். "அட்ரஸ்," என்று கையை நீட்டினார். செயலாளர் மறுபேச்சுப் பேசாமல் எழுதிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது ரேடியோ, "தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி நம்மகிட்ட வந்து எதுக்கு மேடம் அழணும்? ரத்த குரூப் என்னத்துக்கு?" என்றான்.

"காலையில காரில் இருந்தானே சின்னவன். அவன் கையில இருந்த கட்டைப் பார்த்தியா? கிளெயிம் விசாரணைக்கு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சப்போ அந்தக் கட்டை நிறையப் பார்த்திருக்கேன். ரத்தத்தை மெஷின்ல சுத்தம் பண்ணிட்டு வர்றவங்க கை அது."

ரேடியோவுக்குப் புரிய நாலு படி பிடித்தது. "அப்போ அந்த அம்மா தேடறது பிள்ளையை இல்லையா?"

"பிள்ளைக்குள்ள இருக்கற கிட்னியை," என்றார் மேடம்.

அந்த அட்ரஸில் இருந்த கண்ணாடிக் கடை ஊருக்கு வெளியே, மர டிப்போக்களும் வெல்டிங் பட்டறைகளும் நெருக்கியடித்த தெருவில் இருந்தது. ஆளுயரக் கண்ணாடிகள் சுவரோரம் சாய்ந்து நின்றன. கம்பளி விரித்த அகல மேஜையில் ஒரு இளைஞன் மரச் சட்டத்தை அழுத்திப் பிடித்து, கட்டரின் வெட்டுமுனையை எண்ணெயில் தொட்டு, ஒரே இழுப்பாக இழுத்தான். கோட்டுக்கு அடியில் விரலால் ஒரு தட்டு. படக்கென்று கண்ணாடி இரண்டானது. நிமிர்ந்தபோது இடது புருவமும் இரண்டாகத்தான் இருந்தது.

"அந்த வெப்சைட்டுல இருந்து வர்றீங்களா? படத்தை எடுத்தாச்சா?" என்றான்.

"எடுக்கலை தம்பி. நாங்க வேற ஆளுங்க," என்றான் ரேடியோ. "உங்க அம்மா அனுப்பி வர்றோம்."

இளைஞன் கையிலிருந்த துண்டைப் பத்திரமாகக் கீழே வைத்தான்.

"அவங்க எதுக்குத் தேடணும்? என்னை எங்கே விட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியுமே," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "பெஞ்சுல உட்கார வச்சு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தாங்க. தண்ணி பிடிச்சுட்டு வர்றேன்னு தம்பியைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அப்போ அப்பா செத்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்துச்சு. ரெண்டு பேருக்குச் சோறு போட முடியாதுன்னு அடிக்கடி சொல்லிக்கிட்டு இருப்பாங்க. ரயில் கிளம்பறப்போ ஜன்னல்ல அவங்க முகம் தெரிஞ்சுது. என்னைப் பார்த்தாங்க. நான் கை காட்டினேன். ரயில் சுத்திக்கிட்டு அதே இடத்துக்கு வந்துடும்னு நினைச்சேன்."

ரேடியோவுக்கு மேற்கொண்டு கேட்கப் பிடிக்கவில்லை.

"வெப்சைட்டுல படம் போட்டது ஊருக்காக. அழுதா நாலு பேர் பாவம்னு சொல்லுவாங்க," என்றான் இளைஞன். "உங்களை எதுக்கு அனுப்பினாங்க?"

"கண்டுபிடிச்சுக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க. நாங்க துப்பறியற ஆபீஸ்."

"காசு கொடுத்தா?"

"ஆமா."

"எனக்காகவா?"

ரேடியோ தலையை ஆட்டினான். இளைஞன் மேஜையில் கிடந்த கண்ணாடித் துணுக்குகளை ஓரமாகத் தள்ளினான். பிறகு, "ஒரு நிமிஷம்," என்று தட்டிக்குப் பின்னால் போனான். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவி, தலை வாரி, மடிப்புக் கலையாத நீலச் சட்டை போட்டிருந்தான். மேல் பட்டனைப் போட்டுக்கொண்டே, "அம்மாவுக்கு ரொம்ப வயசாயிடுச்சா?" என்று கேட்டான்.

ரேடியோ மேடத்தைப் பார்த்தான். சொல்லிவிடாதீர்கள், இன்றைக்கு ஒரு நாளாவது இருக்கட்டும் என்று கண்ணாலேயே கெஞ்சினான். அந்தக் கெஞ்சலெல்லாம் மேடத்திடம் செல்லாது. ஆளைப் பொய் சொல்லிக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைக்கிற வேலைக்கு அவர் கை நீட்டிச் சம்பளம் வாங்கவில்லை.

"உட்காருப்பா," என்றார். "உன் தம்பிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. உன்னுடையது சேருமான்னு பார்க்கறதுக்குத்தான் தேடறாங்க. வேற காரணம் இருக்கற மாதிரி எனக்குத் தெரியலை."

மேல் பட்டனில் இருந்த விரல்கள் அப்படியே நின்றன. அவன் அழவில்லை. சிரிக்கிற மாதிரிதான் ஒரு சத்தம் வந்தது.

"தம்பிக்கா? அவன் நடக்கக்கூட இல்லையே அப்போ," என்றான். "என்னைத் தெரியுமா அவனுக்கு?"

"தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

அவன் புதுச் சட்டையை இடுப்புக்கு மேலே தூக்கினான். விலாவுக்குக் கீழிருந்து முதுகுப் பக்கம்வரை நீளமாக ஒரு தழும்பு வளைந்து போயிற்று.

"கூலிக்குக் கண்ணாடி சுமந்துக்கிட்டிருந்தப்போ ஒரு ஆள் வந்து பேசினான். இந்த மேஜை, இந்தக் கட்டர், முதல் லோடு கண்ணாடி எல்லாம் அதுல வந்ததுதான். வேற விக்கறதுக்கு என்ன இருந்துச்சு என்கிட்ட?"

மேடத்தின் போன் அடித்தது. அந்த அம்மாள்தான். மேடம் போனை வெளியே எடுத்துப் போகப் பார்த்தார்.

"இங்கேயே பேசுங்க. நானும் கேக்கறேன்," என்றான் அவன்.

மேடம் ஒரு கணம் யோசித்தார். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு கம்பளிமேல் வைத்தார்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றது அம்மாளின் குரல்.

"கண்டுபிடிச்சோம். நீங்க எதுக்காகத் தேடறீங்கன்னும் தெரிஞ்சுது. ஆனா அது நடக்காது. அவனுக்கு இப்போ இருக்கறதே ஒரு கிட்னிதான். பொழைக்க வழியில்லாம ஒண்ணை வித்துட்டான்."

 போனில் மெல்ல விசும்பல் கேட்டது. பெரிதாகி, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகையாயிற்று.  என்ன இருந்தாலும் பெற்றவள், பிள்ளையை அறுத்தது இவளுக்கும் வலிக்கிறது என்று நினைத்தான் ரேடியோ. இளைஞனும் அப்படித்தான் நினைத்தான் போலிருக்கிறது. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, பேச வாயைத் திறந்தான்.

அதற்குள் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்போ இன்னொண்ணு நல்லா இருக்கில்ல?" என்றாள்.

இளைஞன் திறந்த வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தான்.

"ஹலோ? கேக்குதா? டாக்டர்கிட்ட காட்டிப் பார்க்கலாமில்ல? இங்கே இவன் இன்னும் ஒண்ணுமே அனுபவிக்கலையே..."

இளைஞன் கையை நீட்டி போனை அணைத்தான். அணைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. மறுபடி மணி அடித்தது; விரலுக்கடியில் அடித்து அடித்து ஓய்ந்தது.

"கிளம்பலாம்," என்றார் மேடம், யாரையும் பார்க்காமல்.

"அண்ணா," என்று ரேடியோவைக் கூப்பிட்டான் அவன். "அந்த வெப்சைட்டுல, தேடற ஆள் செத்துட்டான்னு போடறதுக்கு இடம் இருக்கா?"

ரேடியோ தன் செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். கன்னக்குழிச் சிறுவனுக்குக் கீழே, கடைசியில், 'இறந்துவிட்டார் எனத் தெரிவிக்க' என்று பொடி எழுத்தில் இருந்தது.

"இருக்கு தம்பி."

"அதுக்குக் காசு ஏதாவது கட்டணுமா?"

"வேணாம் தம்பி," என்றான் ரேடியோ. "இலவசம்தான்."